டிராஃபிக் கிராஃபை நம்புவதற்கு முன்

நெட்வொர்க் மானிட்டரிங் வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு வழக்கு உண்டு. "காலையில் லிங்க் படுத்துவிட்டது, எதுவுமே திறக்கவில்லை" என்று பயனர்கள் சொல்வார்கள். மானிட்டரிங் திரையைத் திறந்து பார்த்தால் அதே நேரத்தில் கோடு 30 சதவீதத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கும். யார் சொல்வது பொய்? பெரும்பாலும் யாருமே பொய் சொல்வதில்லை. அந்த 30 எப்படிப் பிறந்தது என்பது மட்டும் இரு தரப்புக்கும் தெரியாது.

எந்த மென்பொருளில் எந்த மெனுவுக்குள் போனால் டிராஃபிக் கிடைக்கும் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது பதிப்புக்குப் பதிப்பு மாறும், தேடினால் கிடைத்தும் விடும். திரையில் தெரியும் எண்ணுக்கும் கம்பியில் உண்மையில் ஓடியதற்கும் நடுவில் எத்தனை கைகள் மாறுகின்றன என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அது புரிந்துவிட்டால் மெனுவைக் கண்டுபிடிப்பது ஒரு பொருட்டே இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: கருவிகளிடம் நெட்வொர்க் வழியாகவே எண்களைக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பி முறையில் வேலை செய்யும் எந்த மானிட்டரிங் மென்பொருளும் டிராஃபிக்கை அளப்பதில்லை. எண்ணுவது ரவுட்டரும் சுவிட்சும்தான். ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ளே வந்த பைட்டுகளுக்கு ஒரு கவுன்ட்டர், வெளியே போன பைட்டுகளுக்கு ஒரு கவுன்ட்டர். கருவி ஓடிக்கொண்டிருக்கும்வரை அவை ஏறிக்கொண்டே இருக்கும். மென்பொருள் செய்வது மின் கணக்கெடுக்க வருபவர் செய்யும் வேலைதான். குறித்த நேரத்துக்கு ஒரு முறை வந்து மீட்டரைப் பார்க்கும், போன முறை குறித்த எண்ணைக் கழிக்கும், இடைப்பட்ட நேரத்தால் வகுக்கும். இடையில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இதைக் கையாலேயே ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. லினக்ஸ் கணினியில் எஸ்என்எம்பிகெட் கட்டளை இருந்தால் போதும். கேட்க வேண்டிய முகவரி 1.3.6.1.2.1.31.1.1.1.6, அதன் பின்னால் ஒரு புள்ளி, அப்புறம் அந்த போர்ட்டின் எண். இதுதான் உள்ளே வந்த பைட்டுகளின் 64-பிட் கவுன்ட்டர். வெளியே போனதற்குக் கடைசி 6-க்குப் பதில் 10. உதாரணத்துக்கு முதலில் கேட்டபோது 918402337150 என்று வந்தது, சரியாக 300 வினாடி கழித்துக் கேட்டபோது 921964837150 என்று வந்தது என்று வையுங்கள். வித்தியாசம் 3562500000 பைட். எட்டால் பெருக்கினால் பிட், 300-ஆல் வகுத்தால் வினாடிக்கு 95000000. அதாவது 95 மெகாபிட். கிராஃபில் அந்த ஐந்து நிமிடத்துக்கு விழும் புள்ளி இதுதான். இவ்வளவுதான் மொத்த வித்தையும்! ஆனால் இந்தச் சின்னக் கணக்குக்குள்ளேயே தவறு நடக்க எத்தனை இடம் இருக்கிறது பாருங்கள்.

பெரிய தவறு கவுன்ட்டரின் அளவில்தான் தொடங்குகிறது. எஸ்என்எம்பி 1988-இல் வந்தது. எல்லோரும் பயன்படுத்தும் போர்ட் அட்டவணை 1991-இல் ஆர்எஃப்சி 1213 என்ற இணையத் தர ஆவணத்தில் நிலைபெற்றது. அதில் பைட் கவுன்ட்டர்கள் எல்லாம் 32 பிட். 4294967295 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 10 மெகாபிட் ஈதர்நெட்டே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் அந்த வேகத்தில் முழுதாக ஓடினாலும் ஒரு சுற்று முடிய 57 நிமிடம் ஆகும். 100 மெகாபிட்டில் அது 5.7 நிமிடம். 1 கிகாபிட்டில் 34 வினாடி. 10 கிகாபிட்டில் மூன்றரை வினாடிகூட ஆகாது.

இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மீட்டர் பார்க்கும் மென்பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய எண் பழைய எண்ணைவிடக் குறைவாக இருந்தால் "ஒரு சுற்று முடிந்திருக்கிறது" என்று அது ஊகித்து 4294967296-ஐக் கூட்டிக்கொள்ளும். ஒரு சுற்றுதான் முடிந்தது என்றால் சரி. இரண்டு சுற்று முடிந்திருந்தால்? தெரிய வழியே இல்லை. 300 வினாடியில் ஒரே ஒரு முழுச் சுற்று என்றால் சராசரி வேகம் சுமார் 114.5 மெகாபிட். அதற்கு மேல் எது ஓடினாலும் 32-பிட் கவுன்ட்டரால் சொல்ல முடியாது. சொல்லாமல் விட்டால்கூடப் பரவாயில்லை, தப்பாகச் சொல்லும் என்பதுதான் சிக்கல். லிங்க்கில் 120 மெகாபிட் ஓடினால் கிராஃபில் 5.5 மெகாபிட் விழும். 300 மெகாபிட் ஓடினால் 71 விழும். டிராஃபிக் மெல்ல ஏறி 110, 112, 114 என்று வந்து, மிக நெரிசலான நேரத்தில் சட்டென்று தரைக்கு விழுந்து, கூட்டம் குறைந்ததும் மீண்டும் 114-இலிருந்து இறங்கி வரும். அந்தப் பள்ளத்தை "லிங்க் அறுந்த நேரம்" என்று வட்டம் போட்டு இணையச் சேவை நிறுவனத்துக்கு அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை வேகமான லிங்க்காக இருந்தாலும் கிராஃப் ஒருபோதும் 115-ஐத் தாண்டவில்லை என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், இதுதான் காரணம்.

தீர்வும் பழசுதான். 64-பிட் கவுன்ட்டர்கள் 1994-இலேயே தரத்துக்குள் வந்துவிட்டன. 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2863 அதை இன்னும் கறாராகச் சொல்கிறது: 20 மெகாபிட்டுக்கு மேல் வேகமுள்ள போர்ட்டுகளில் பைட்டுகளுக்கு 64-பிட் கவுன்ட்டர் இருந்தே ஆக வேண்டும். நான் மேலே கொடுத்த முகவரியில் 31 என்று தொடங்கும் பகுதி அந்தப் புதிய அட்டவணைதான். பழைய 32-பிட் கவுன்ட்டர் 1.3.6.1.2.1.2.2.1.10-இல் இருக்கிறது. இரண்டும் ஒரே கருவியில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும், மென்பொருள் எதைக் கேட்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு வேடிக்கை என்னவென்றால், எஸ்என்எம்பி முதல் பதிப்புக்கு 64-பிட் எண்ணை எடுத்துச்செல்லவே தெரியாது. கருவியைச் சேர்க்கும்போது பதிப்பு 1 என்று தேர்ந்தெடுத்தால், எவ்வளவு நவீனமான சுவிட்சாக இருந்தாலும் மென்பொருளுக்குக் கிடைப்பது 32 பிட்தான். குறைந்தது 2சி என்ற பதிப்பு வேண்டும். 2சி-யில் கடவுச்சொல்லாக இருக்கும் கம்யூனிட்டி பெயர் கம்பியில் அப்படியே திறந்த எழுத்தில் போகும் என்பதால், வெளியாள் எட்டிப்பார்க்கக்கூடிய இடமென்றால் 3-தான் சரி. ஆரம்பத்தில் இருக்கும் பப்ளிக் என்ற கம்யூனிட்டி பெயரை மாற்றாமல் விட்டு வைத்திருக்கும் கருவிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

அடுத்து போர்ட் எண். முகவரியின் கடைசியில் வரும் அந்த எண்ணை போர்ட்டின் நிரந்தரப் பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. கருவி தன் வசதிக்குக் கொடுத்துக்கொள்ளும் வரிசை எண் அது. புதிய கார்டு செருகினாலோ, மென்பொருள் மேம்படுத்தி ரீபூட் செய்தாலோ பல கருவிகளில் மாறிவிடும். நேற்றுவரை 12-ஆக இருந்த இணைய லிங்க் இன்று 14. மானிட்டரிங் மென்பொருள் இன்னும் 12-ஐத்தான் கேட்கிறது, பதிலும் வருகிறது, கோடும் அறுபடாமல் போகிறது. ஆனால் அது யாருடைய கோடு? பிழைச் செய்தி வந்திருந்தால் உடனே கவனித்திருப்போம். இங்கே எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருக்கும். அதனால் எண்ணை வைத்து இல்லாமல் போர்ட்டின் பெயரை வைத்துத் தேடும்படி அமைக்க முடிகிற மென்பொருளில் அப்படியே அமைத்துவிட வேண்டும். கருவியின் பக்கத்திலும் எண்ணை மாறாமல் பிடித்து வைக்கும் அமைப்பு இருக்கும். சிஸ்கோவில் அதற்கு ஒற்றை வரிக் கட்டளைதான். போர்ட்டுக்கு ஒரு விளக்கம் எழுதிவைக்கும் வசதி எல்லாக் கருவிகளிலும் இருக்கிறது, அதை எழுதுவதற்குச் சோம்பல்படுபவர்கள்தான் நாலில் மூன்று பேர். எழுதியிருந்தால் அந்த விளக்கமே கிராஃபின் தலைப்பாக வந்து நிற்கும்.

இந்த இடத்தில் ரீபூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரீபூட் ஆனால் கவுன்ட்டர் பூஜ்யத்துக்குப் போகும். மென்பொருள் அதையும் "சுற்று முடிந்தது" என்று எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு புள்ளி மட்டும் லிங்க்கின் வேகத்தைவிடப் பல மடங்கு உயரத்தில் போய் நிற்கும். மற்ற எல்லாக் கோடும் அதன் காலடியில் நசுங்கிப்போய்விடும். நல்ல மென்பொருள் கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டுப் பார்த்து அந்தப் புள்ளியைத் தூக்கிப்போட்டுவிடும். பல மென்பொருள்கள் எண்களைச் சேமித்து வைக்கும் ஆர்ஆர்டி கோப்புகளில் (இவற்றின் கதை கீழே வருகிறது) அதிகபட்ச மதிப்பு என்று ஒரு வரம்பு வைக்க இடம் உண்டு, அதை லிங்க்கின் வேகத்துக்கு வைத்தால் இந்தத் தொல்லை ஓயும்.

எண் சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது அடுத்த கதை. எனக்கு இதுதான் முக்கியமான பகுதியாகத் தெரிகிறது, ஏனென்றால் மேலே சொன்னவை எல்லாம் ஒரு முறை சரிசெய்தால் முடிந்துவிடும். இது தினமும் கூடவே இருக்கும்.

டோபியாஸ் ஓட்டிக்கர் தொண்ணூறுகளின் நடுவில் எம்ஆர்டிஜி என்ற சின்ன நிரலை எழுதி வெளியிட்டார். இன்று நாம் டிராஃபிக் கிராஃப் என்றதும் மனதில் வரும் பச்சைப் பரப்பும் நீலக் கோடும் அதிலிருந்து வந்தவை. அது நான்கு படங்கள் வரையும்: ஐந்து நிமிடச் சராசரியில் ஒரு நாள், அரை மணிச் சராசரியில் ஒரு வாரம், இரண்டு மணிச் சராசரியில் ஒரு மாதம், ஒரு நாள் சராசரியில் ஒரு வருடம். பழைய விவரங்களைச் சுருக்கிச் சுருக்கி வைப்பதால் கோப்பின் அளவு ஒருபோதும் வளராது. 1999-இல் அதே ஓட்டிக்கர் அந்தச் சேமிப்பு உத்தியைத் தனியே பிரித்து ஆர்ஆர்டிடூல் ஆக்கினார். காக்டி, லிப்ரேஎன்எம்எஸ் போன்ற மானிட்டரிங் மென்பொருள்கள் எல்லாம் இன்றும் அதன் மேல் நிற்பவைதான். வட்டு விலை அதிகமாக இருந்த காலத்துக்கு அருமையான யோசனை, இன்றும் மோசமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

நாள் முழுக்க 100 மெகாபிட் ஓடும் ஒரு லிங்க், ஒரே ஒரு ஐந்து நிமிடம் மட்டும் 900-க்கு எகிறுகிறது. இன்றைய படத்தில் அது கோபுரம்போல நிற்கும். வாரப் படத்தில் அரை மணிச் சராசரியாகி 233 ஆகும். மாதப் படத்தில் இரண்டு மணிச் சராசரியில் 133. வருடப் படத்தில் 102.8. யாரும் எதையும் அழிக்கவில்லை, ஆனாலும் கோபுரம் காணோம். "போன வருடம் இந்த லிங்க்கின் உச்சம் எவ்வளவு?" என்று கேட்டால் வருடப் படத்தின் உயரமான புள்ளியைக் காட்டிப் பதில் சொல்லக் கூடாது என்பது இதனால்தான். அது உச்சத்தைக் காட்டவில்லை, நாள் சராசரிகளில் பெரியதைத்தான் காட்டுகிறது. ஆர்ஆர்டியில் சராசரியோடு கூடவே ஒவ்வொரு துண்டின் அதிகபட்சத்தையும் தனி வரிசையாகச் சேமிக்கச் சொல்லலாம். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஜாபிக்ஸ் என்ற மானிட்டரிங் மென்பொருள் இதைக் கொஞ்சம் வேறு விதமாகச் செய்கிறது: முழு விவரத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்கு வைத்திருந்து அழித்துவிடும், அதற்கப்புறம் மணிக்கு ஒன்றாகக் குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம் போன்ற சுருக்க எண்கள் மட்டும் மிஞ்சும். அதிகபட்சம் தானாகவே மிஞ்சுகிறது என்பதால் பழைய உச்சத்தைத் தேடும்போது எனக்கு இதுதான் கைகொடுத்திருக்கிறது.

எண்களைச் சேமிக்கும் ப்ராமிதியஸ், அவற்றைப் படமாக வரையும் கிராஃபானா ஆகிய ஜோடியைப் பயன்படுத்துபவர்கள் "எங்களிடம் சுருக்குவதே இல்லை, வந்த எண் வந்தபடி இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே வேறு வாசல் வழியாக அதே பூதம் வருகிறது. வினாடிக்கு எவ்வளவு என்று கணக்கிடும் ரேட் சார்பில் ஒரு நிமிட ஜன்னல் என்று கொடுத்திருக்கிறீர்கள். திரையில் மூன்று மாதத்தை விரித்துப் பார்க்கும்போது புள்ளிக்குப் புள்ளி ஒரு மணி நேர இடைவெளி விழுகிறது என்று வையுங்கள். அப்போது ஒவ்வொரு மணியிலும் கடைசி ஒரு நிமிடம் மட்டும்தான் கணக்கில் வரும், மீதி 59 நிமிடத்தை யாருமே பார்ப்பதில்லை. பெரிதாக்கினால் ஒரு உச்சம் தெரியும், சிறிதாக்கினால் மறையும், மறுபடி பெரிதாக்கினால் வேறு இடத்தில் வேறு உச்சம். கிராஃபானாவில் ஜன்னலின் அளவைத் திரைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் மாறி ஒன்று இருக்கிறது. கையால் எண்ணை எழுதாமல் அதைப் போட்டால் குறைந்தபட்சம் எல்லா நிமிடமும் கணக்கில் வரும். சராசரியாகத்தான் வரும், ஆனாலும் வரும்.

திரையைப் பார்த்துக் கண்ணால் எண்ணைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடிந்தவரை படத்திலிருந்து எடுக்காதீர்கள். எல்லா மென்பொருளிலும் அடியிலிருக்கும் எண்ணைத் தனியாக வாங்க வழி இருக்கிறது. ஆர்ஆர்டி கோப்பு என்றால் ஃபெட்ச் கட்டளை. அதில் வரும் எண் பொதுவாக வினாடிக்கு இத்தனை பைட் என்றிருக்கும், எட்டால் பெருக்குவது உங்கள் பொறுப்பு. கடைசி வரியில் எண்ணுக்குப் பதில் 'NaN' (எண் இல்லை) என்று வந்தால் பதற வேண்டாம், அந்தத் துண்டு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். ப்ராமிதியஸ் என்றால் தொடக்க நேரம், முடிவு நேரம், இடைவெளி மூன்றையும் கொடுத்து நேரடியாக எச்டிடிபி வழியாகக் கேட்கலாம். ஒரு தொடருக்கு 11,000 புள்ளிகளுக்கு மேல் கேட்டால் மறுத்துவிடும், துண்டு துண்டாகக் கேட்டு ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜாபிக்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது, புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் அதில் கால் வைக்கிறார்கள். ஜாபிக்ஸ் சேகரிக்கும் ஒவ்வொரு அளவுக்கும் ஐட்டம் என்று பெயர். முதலில் அந்த போர்ட்டின் டிராஃபிக் எந்த ஐட்டம் என்று தேடி அதன் எண்ணைப் பிடிக்க வேண்டும், அப்புறம் அந்த எண்ணுக்கு வரலாறு கேட்க வேண்டும். கேட்கும்போது வரலாற்றின் வகை என்று ஒரு அளவுரு உண்டு. சொல்லாமல் விட்டால் அது 3, அதாவது முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் ஐட்டம் தசம எண்ணாகச் சேமிக்கப்பட்டிருந்தால் வகை 0 என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் பிழை எதுவும் வராது, வெறும் காலிப் பட்டியல் வரும். அனுமதி இல்லையோ, நேரம் தப்போ, சர்வர் பழுதோ என்று ஊரெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் ஒரு பூஜ்யத்தில் வந்து முடியும். பழைய நாட்களுக்கு இதே கேள்வியைப் போடாமல் டிரெண்ட் என்ற தனிக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த வேலைகளுக்கெல்லாம் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கை உருவாக்கி அதன் டோக்கனைப் பயன்படுத்துவதே முறை. நிர்வாகியின் கடவுச்சொல்லை ஸ்கிரிப்ட்டில் எழுதிவைக்காதீர்கள்.

சுருங்காத எண் ஏன் வேண்டும் என்பதற்குப் பணம் சார்ந்த ஒரு காரணமும் இருக்கிறது. பெரிய லிங்க்குகளுக்கு 95-ஆவது சதமான முறையில் கட்டணம் போடுவது பரவலான வழக்கம். 30 நாள் மாதத்தில் ஐந்து நிமிடத் துண்டுகள் 8640. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி மேலே உள்ள ஐந்து சதவீதத்தை, அதாவது 432 துண்டுகளை, நீக்கிவிட்டு அடுத்து நிற்கும் எண்ணுக்குக் காசு. மாதத்தில் 36 மணி நேரம் எவ்வளவு எகிறினாலும் கட்டணத்தில் சேராது. இதை நீங்களும் கணக்கிட்டு பில்லோடு ஒப்பிட வேண்டுமானால் அந்த 8640 எண்களும் அப்படியே கையில் இருக்க வேண்டும். இரண்டு மணிச் சராசரியாகச் சுருங்கிய பிறகு கணக்கிட்டால் பொதுவாக உங்கள் எண் குறைவாகத்தான் வரும். பில்லில் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போய், அவர்கள் ஐந்து நிமிட விவரத்தை மேசையில் வைத்ததும் திரும்பி வர வேண்டியிருக்கும்.

சரி, எவ்வளவு ஓடியது என்பது தெரிந்துவிட்டது. யார் ஓட்டியது? கவுன்ட்டரைக் குடைந்து குடைந்து பார்த்தாலும் இதற்குப் பதில் வராது, அதற்குத் தெரிந்ததெல்லாம் பைட்டின் எண்ணிக்கை மட்டுமே. இதற்காகத்தான் சிஸ்கோ 1996-இல் நெட்ஃப்ளோவைக் கொண்டுவந்தது. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டில் (இது கருவியின் போர்ட் இல்லை, சேவையைக் குறிக்கும் எண்), எத்தனை பைட் என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு சீட்டு எழுதி ரவுட்டரே அனுப்பிவிடும். அதன் ஒன்பதாம் பதிப்பை அடிப்படையாக வைத்துதான் ஐபிஃபிக்ஸ் என்ற பொதுத் தரம் உருவானது. எஸ்ஃப்ளோ வேறு ரகம்: எல்லாவற்றையும் பார்க்காமல், ஆயிரத்துக்கு ஒன்று என்ற மாதிரி சில பாக்கெட்டுகளின் தலைப்பகுதியை மட்டும் அப்படியே அனுப்பிவிடும். பெருக்கி மொத்தத்தை ஊகிப்பது வாங்குபவரின் வேலை. பெரிய ஓட்டங்களுக்கு இது நன்றாகவே பொருந்தும், சின்ன ஓட்டங்கள் கண்ணில் படாமலே போகலாம்.

நெட்ஃப்ளோவைப் போட்டவுடன் வரும் முதல் குழப்பம், அதன் மொத்தமும் எஸ்என்எம்பி கிராஃபின் மொத்தமும் ஒத்துப்போகாததுதான். ஒத்துப்போகவும் போகாது. நெட்ஃப்ளோ ஐபி பாக்கெட்டின் அளவை எண்ணுகிறது, போர்ட் கவுன்ட்டர் அதைச் சுற்றியிருக்கும் ஈதர்நெட் உறையையும் சேர்த்து எண்ணுகிறது. 1500 பைட் பாக்கெட்டில் 18 பைட் உறை பெரிதாகத் தெரியாது. 200 பைட் குரல் பாக்கெட்டில் அதே 18 என்பது 9 சதவீதம். இன்னொரு குழப்பம் நேரம். நீளமான ஓட்டத்துக்கு, அது முடியாவிட்டாலும், 30 நிமிடத்துக்கு ஒரு முறைதான் சீட்டு அனுப்பும் என்பது பல சிஸ்கோ கருவிகளில் ஆரம்ப அமைப்பு. இரவில் ஓடும் பேக்கப் அரை மணி நேரம் சத்தமே இல்லாமல் போய்விட்டு ஒரே நிமிடத்தில் மொத்தமாக வந்து குவியும். லிங்க்கின் கொள்ளளவைவிட அதிக டிராஃபிக் ஓடியதாக அறிக்கை சொல்லும். அந்த நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தால் கோடு ஒழுங்குக்கு வரும்.

இப்போது பயனர்களுக்கும் பச்சைக் கோட்டுக்கும் நடுவில் இருந்த வழக்குக்கு வருவோம். ஐந்து நிமிடச் சராசரி 30 சதவீதம் என்பது, அதில் தொண்ணூறு வினாடி லிங்க் முழுக்க நிரம்பி மீதி நேரம் காலியாக இருந்ததாகவும் இருக்கலாம். அந்தத் தொண்ணூறு வினாடியில் ஒருவர் வீடியோ அழைப்பில் இருந்திருந்தால் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. உடனே எல்லோரும் சொல்லும் மருந்து "போலிங் இடைவெளியைக் குறை" என்பது, அதாவது மீட்டரை அடிக்கடி பார்க்கச் சொல்வது. ஓரளவுக்குச் சரி. ஒரு நிமிடத்துக்குக் குறைப்பதை நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் ஒரு வினாடிக்கு இறக்கினால் கோடு ரம்பப் பல்போல மேலும் கீழும் ஆடத் தொடங்கும். பல கருவிகள் உள்ளே கவுன்ட்டரைச் சில வினாடிக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கின்றன, நடுவில் கேட்டால் பழைய எண்ணையே திருப்பித் தருகின்றன. பூஜ்யம், பூஜ்யம், அப்புறம் ஒரு பெரிய எண். லிங்க்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த அளவு நுணுக்கம் வேண்டுமென்றால் கருவியே தன்னிச்சையாக எண்ணைத் தள்ளிவிடும் ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி பக்கம் போக வேண்டும், அதற்கும் கருவி அதை ஆதரிக்க வேண்டும்.

அதைவிட எளிதான சாட்சி அதே அட்டவணையிலேயே இருக்கிறது. 1.3.6.1.2.1.2.2.1.19, வெளியே அனுப்ப இடமில்லாமல் தூக்கிப்போட்ட பாக்கெட்டுகளின் கவுன்ட்டர். டிராஃபிக் கிராஃபைப் போடும் எல்லோரும் இதைப் போடுவதில்லை, ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சராசரி எவ்வளவு அமைதியாக இருந்தாலும், அந்த ஐந்து நிமிடத்துக்குள் எங்கோ சில மில்லிவினாடி லிங்க் திணறிப் பாக்கெட்டுகளைத் தூக்கிப்போட்டிருந்தால்கூட இந்த எண் ஏறியிருக்கும். அதைச் சராசரி எடுத்து மறைக்கவும் முடியாது. பூஜ்யமாக இருக்க வேண்டிய எண் பூஜ்யமாக இல்லை, அவ்வளவுதான். பயனர் சொன்ன நேரமும் இந்த எண் ஏறிய நேரமும் பொருந்தினால் வழக்கு பயனர் பக்கம் தீர்ந்தது.

சதவீதத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஈதர்நெட்டில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முன்னும் பின்னும் 20 பைட் நேரம் வீணாகிறது, அதைக் கவுன்ட்டர் எண்ணாது. மிகச் சிறிய 64 பைட் ஃபிரேம்களாகவே ஓடினால் 1 கிகாபிட் போர்ட் வினாடிக்கு 14,88,095 ஃபிரேமோடு முழுதாக நிரம்பிவிடும். கவுன்ட்டர் கணக்கில் அப்போதும் 76 சதவீதம்தான் காட்டும். 80-இல் எச்சரிக்கை வைத்திருப்பவருக்கு மணியே அடிக்காது. அன்றாட டிராஃபிக்கில் இப்படி நடப்பது அரிது. சேவை மறுப்புத் தாக்குதல் நேரத்தில் நடக்கும், அதாவது எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

மெகா என்றால் எத்தனை என்பதிலும் மென்பொருள்கள் ஒத்துப்போவதில்லை. நெட்வொர்க் வேகத்தில் மெகா என்பது பத்து லட்சம். நினைவகக் கணக்குப்போல 1024-ஆல் இரண்டு முறை வகுக்கும் மென்பொருளில் முழுதாக ஓடும் 1 கிகாபிட் லிங்க் 953.67 என்று தெரியும். மீதி 46 எங்கே போனது என்று தேடாதீர்கள், அது எங்கும் போகவில்லை.

புதிய மானிட்டரிங் அமைப்பு ஒன்றை யாராவது கையில் கொடுத்தால் நான் அதன் கிராஃபை முதலில் ஒரு சோதனைக்கு உட்படுத்திவிடுவேன். நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்த லிங்க்கின் இரு பக்கமும் சோதனை டிராஃபிக்கை உருவாக்கும் ஐபெர்ஃப் என்ற நிரலை ஓடவிட்டு, 1400 பைட் யுடிபி பாக்கெட்டில் 50 மெகாபிட் வேகத்தில் அரை மணி நேரம் அனுப்புவது. ஐபெர்ஃப் சொல்லும் 50 என்பது உள்ளடக்கம் மட்டும். யுடிபிக்கு 8, ஐபிக்கு 20, ஈதர்நெட்டுக்கு 18 என்று சேர்த்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் 1446 பைட், அதனால் கிராஃபில் கூடுதலாக ஏற வேண்டியது 51-க்கும் 52-க்கும் நடுவில். ஆறரைக்குப் பக்கத்தில் ஏறினால் யாரோ எட்டால் பெருக்க மறந்திருக்கிறார்கள். 103 என்று ஏறினால் ஒரே டிராஃபிக் இரண்டு முறை கூட்டப்படுகிறது, பெரும்பாலும் பல போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டிய கூட்டு லிங்க்கையும் அதன் உறுப்பு போர்ட்டுகளையும் சேர்த்தே எண்ணியிருப்பார்கள். 52 சரியாக வந்து, ஆனால் உள்ளே வரும் கோட்டுக்குப் பதில் வெளியே போகும் கோட்டில் ஏறினால், அந்த கிராஃப் லிங்க்கின் எதிர் முனையிலிருந்து எடுக்கப்படுகிறது. எதுவுமே ஏறவில்லை என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வேறு போர்ட்.